மாமியார் போட்ட சங்கிலி

"வீக்கம் வத்துற மட்டும் கழுத்துலயே கெடக்கட்டும். கழட்டுன, எனக்குக் கெட்ட கோவம் வரும்!"

அழகம்மா மருமகளின் கழுத்தில் சங்கிலியை மாட்டி, கொக்கியைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

சுகந்தினிக்கு இடப்பக்கத் தாடை புடைத்து ஒரு வாரம். பொன்னுக்கு வீங்கி என்றால் கழுத்தில் பொன் போட வேண்டும். தோட்டத்து லயன் வீடுகளில் அதற்கு மறுபேச்சே கிடையாது. ஆனால் அதற்காக மாமியார் தன் பெட்டியைத் திறப்பாள் என்று யாரும் கனவிலும் நினைத்ததில்லை.

"சங்கிலிக்காகவே தாடைய வீங்க வச்சிருக்காம்மா ஒம் மருமக," என்று சிரித்தான் மகன் கிருஷ்ணராஜ். "அடுத்து காது வீங்கும். தோட்ட எடுத்து வையி."

மாதம் மூன்று ஆயிற்று. வீக்கம் வற்றவில்லை, கடைவாய்ப் பல்லும் ஆடத் தொடங்கியது. ரப்பர் மலையில் பால் வெட்டிவிட்டு வந்ததும் வராததுமாக மருமகளை விளக்கடியில் நிறுத்திச் சங்கிலியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள் அழகம்மா.

"மழையில நனைச்சியா? சோப்பு பட்டுச்சா? யாருகிட்டயாவது காட்டுனியா?"

"தாடை எப்படி இருக்குன்னு கேக்க ஆளில்ல," என்று புருஷனிடம் குமைந்தாள் சுகந்தினி. "சங்கிலியத்தான் விசாரிக்கிறாங்க மாமி."

"தாடை ஒங்க வீட்டுது. சங்கிலி அவங்க வீட்டுதுல்ல?"

அவளும் சிரித்துவைத்தாள். உள்ளுக்குள் பயம் அரித்தது. வெற்றிலை போடுகிற வாய்க்குப் புற்று வரும், தாடையையே வெட்டி எடுப்பார்கள் என்று கூட வேலை செய்யும் ஒருத்தி சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் தாடையைப் படம் பிடிக்கச் சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள். நர்ஸ் கை நீட்டுமுன்னே அழகம்மா அதைப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். இரத்தம் எடுத்தார்கள். கட்டியில் ஒரு துளி கிள்ளியும் எடுத்தார்கள்.

முடிவு சொல்லும் நாளில் டொக்டர் ஸாஹிரா சிரித்த முகமாகவே இருந்தார்.

"பயப்படாதீங்க. புத்துநோய் இல்ல. தாடைய வெட்டவும் தேவல்ல. கோளாறு கழுத்துல. அங்க பயறு மாதிரி நாலு குட்டிச் சுரப்பி இருக்கு. அதுல ஒண்டு அளவுக்கு மிஞ்சி வேல செஞ்சு, எலும்புல இருக்கிற கல்சியத்த உருவுது. அதான் தாடையெலும்பு குழிஞ்சு கட்டி வந்திருக்கு. அந்தச் சுரப்பிய ஒப்பரேஷன் செஞ்சு எடுத்தா, தாடை கொஞ்சம் கொஞ்சமா தானாச் சரியாகும்."

சுகந்தினிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தாடை தப்பியது, உயிரும் தப்பியது.

அழகம்மா மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப இது பொன்னுக்கு வீங்கி இல்லீங்களா டொக்டர்?"

"இல்லம்மா. கிலோக் கணக்குல பொன் போட்டாலும் இது வத்தாது."

இனிச் சங்கிலி பெட்டிக்குத்தான் என்று எண்ணியபடி கண்ணைத் துடைத்தாள் சுகந்தினி. அழகம்மாவோ அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"எந் தாயி! அசல் சங்கிலிய ஒனக்குத் தெரியாம எம்பிலிப்பிட்டியவுல கட்டிக் குடுத்த எம் மகளுக்குக் குடுத்துட்டு, ஒங் கழுத்துல கவரிங்க மாட்டுனதாலதான் வீக்கம் வத்தலன்னு, இந்த மூணு மாசமா நான் செத்துச் செத்துப் பொழைச்சேன்டி!"