வாசல் செயலில்

இரவு வேலை பார்ப்பவனுக்கு மத்தியானம்தான் விடிகிறது. லூக்கா நகரின் கோட்டை வாசலுக்கு எதிரே, ஓர்னெல்லாவின் கடையில் என் முதல் காபி. வெயில் செங்கல் மதிலில் அப்பிக் கிடக்கிறது. வாசலோரப் பலகையில் ‘வாசல் செயலில்’ என்று சிவப்பு எழுத்து மினுக்குகிறது. கேமரா விழித்திருக்கிறது, வெளியூர் வண்டி நுழைந்தால் அபராதம் என்று அதற்கு அர்த்தம். வாடகைக் காரில் வந்த வயதான வெளிநாட்டுத் தம்பதி, வாசல் திறந்திருக்கிறது என்று அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு மெல்ல உருட்டி வருகிறார்கள். ஓர்னெல்லா கைத்துணியோடு ஓடிப்போய் பானட்டில் கைவைத்து மறிக்கிறாள். “பின்னாடி போங்க! நடந்து வாங்க!” இரண்டு விரலால் காற்றில் நடந்தும் காட்டுகிறாள். “விடு ஓர்னெல்லா, நகராட்சியும் சாப்பிடணும்ல?” என்கிறான் தபால்காரன் டூலியோ. “அப்ப உன்னை வேகவெச்சுத் தின்னட்டும்டா!” கார் பயந்து பின்வாங்குகிறது. கொஞ்ச நேரத்தில் இருவரும் பெட்டியை இழுத்துக்கொண்டு, வேர்த்துச் சிவந்து, கடைக்குள் வருகிறார்கள். “கப்புச்சீனோ, இரண்டு.” காலை நேரம் தாண்டினால் இந்த ஊரில் யாரும் அந்த நுரைப்பால் காபியைத் தொடமாட்டார்கள். டூலியோ கேலி செய்ய வாயைத் திறக்கிறான். அந்த வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்துவிட்டு, ஓர்னெல்லா பாலை நுரைக்கத் தொடங்குகிறாள்.