மச்சான்2 என்றால் என்ன?

சீனியர் பக்கத்தில் வந்து நின்றதுமே அவள் நோட்டைப் பட்டென்று மூடினாள். கண்மூடித் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் திரையும் மாறிவிட்டது.

"என்னம்மா எழுதிட்டிருந்தீங்க?"

"சும்மாதான் சார்."

சும்மா எழுதுகிறவளுக்கு முகம் ஏன் இப்படி வெளிற வேண்டும்?

ஆபீசில் நேருக்கு நேர் அவர் 'சீனியர்'; முதுகுக்குப் பின்னால் 'முடிச்சு'. ஆஸ்பத்திரி நோயாளிகளின் விவரங்களை வைத்திருக்கும் புரோகிராமைப் பதினோரு வருடத்துக்கு முன்பு எழுதியவர் அவர்தான். எழுதினாரா, நூல்கண்டாகச் சுற்றி வைத்தாரா என்பது வேறு விஷயம். இரத்த வகை, மருந்தின் அளவு என்று பெயரிட வேண்டிய இடத்திலெல்லாம் மச்சான்1, மச்சான்2, கொழுந்தியா என்று போட்டிருந்தார்.

அவரைத் தவிர ஒருவருக்கும் புரியாது. புரியாதவரைக்கும் தன்னை யாரும் அசைக்க முடியாது என்று தெம்பாக இருந்தார். காலேஜில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவருக்கு அந்தத் தெம்பு தேவைப்பட்டது.

மூன்று மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த இவளோ, வந்த நாளிலிருந்தே "மச்சான்2ன்னா என்ன சார்?" என்று குடைந்தாள். "ஓடுதுல்ல? அப்புறம் எதுக்குக் கை வைக்கிறீங்க?" என்று விரட்டிவிட்டார்.

இன்று காலை இன்னொரு இடி. வீட்டிலிருந்தபடியே உள்ளே நுழைவதற்காக, புரோகிராமுக்குள் யாருக்கும் தெரியாமல் அவர் ஒளித்து வைத்திருந்த பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை.

அவள் டீ குடிக்கப் போனதும் டிராயரை இழுத்து நோட்டை எடுத்தார். 'மச்சான்2 - இரத்த வகை. கொழுந்தியா - ஒத்துக்கொள்ளாத மருந்து.' நோட்டு முழுக்க அவர் போட்ட முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து கிடந்தன. கடைசிப் பக்கம் தவிர எல்லாப் பக்கங்களின் அடியிலும் பச்சை மையில் ஒரு டிக்.

அடிப்பாவி! போட்டிக் கம்பெனிக்கு விற்கப் பார்க்கிறாள்!

மேனேஜர் அறைக்குள் பாய்ந்தார். "சார், கூடவே ஒரு திருடியை வச்சிருக்கோம்! இன்னைக்கே வெளியே அனுப்புங்க!" மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினார். பாஸ்வேர்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

மேனேஜர் பதறாமல் நோட்டைப் புரட்டினார். "இதுல ஏதாவது தப்பு இருக்கா?"

"ஒரு எழுத்து தப்பில்ல சார், அதானே என் பயமே! இது கையில இருந்தா நான் இல்லாமலே எவன் வேணா ஓட்டிடுவான்!"

"கடைசிப் பக்கம்?"

சீனியர் குனிந்து படித்தார். "அதுவும் சரிதான் சார். பாவி, ஒண்ணையும் விடல."

மேனேஜர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். பச்சை மை.

"உங்க ரகசிய பாஸ்வேர்டு சிக்கின அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம். இந்த நோட்டு முடியட்டும்னுதான் காத்திருந்தேன்" என்றபடி கையை நீட்டினார்.

"ஐடி கார்டைக் கழட்டிக் கொடுங்க, சீனியர்."