தேனடை நீலம்

புதிதாக பெயிண்ட் அடித்த பஸ்ஸின் கூரை முழுக்க வெளிர் கட்டங்களும் நீல ஓரங்களுமாகத் தேனடை போல விழுந்திருந்தது. பெயிண்ட் கம்பெனியிலிருந்து வந்தவர் ஏணியை விட்டு இறங்கினார்.

“பெயிண்ட்ல ஒண்ணுமில்ல. அடிச்ச கை சரியில்ல.”

பட்டறை மேஸ்திரி அய்யாவு, பதினோரு வருடமாக அங்கே பஸ்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ரெஜினாவைப் பார்த்தார். “இப்படி ஆன ரெண்டாவது பஸ்ஸும்மா இது. முதலாளி வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டாரு.”

ரெஜினா ஒரு தகரத் தகட்டைத் தரையில் வைத்தாள். “அதே பெயிண்ட், புது டப்பா. நீங்களே கலக்கி நீங்களே ஊத்துங்க சார். நான் கிட்டயே வரல.”

கம்பெனிக்காரர் கலக்கி ஊற்றினார். நீலம் ஒரே சீராகப் பரவியது. “பாத்தியாம்மா?”

“டீ குடிச்சிட்டு வாங்க சார்.”

தின்னர் ஆவியாக ஆவியாக, அசையாமல் கிடந்த பெயிண்டுக்குள் ஒரு கொதிப்பு தொடங்கியது. அடியிலிருந்தது மேலே வந்தது. மேலிருந்தது ஓரமாக இறங்கியது. பெயிண்டில் கலந்திருந்த வெள்ளை நடுவில் தங்க, நீலம் ஓரத்துக்கு ஒதுங்கியது. யாரும் தொடாத தகட்டில் கட்டம் கட்டமாகத் தேனடை எழுந்தது.

அவர் டீ குடித்துத் திரும்பியதும், பாதி காய்ந்த அந்தப் பரப்பை ரெஜினா விரலால் ஒருமுறை தேய்த்தாள். விரலகலத்துக்கு மட்டும் இரண்டு நிறமும் கலந்து, பஸ்காரர் கேட்டிருந்த நீலம் வந்தது.

“கூரை முழுக்க இப்படியே தேய்ச்சு விட்டுரட்டுங்களா சார்?”

அய்யாவு சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். கம்பெனிக்காரர் குனிந்து, தானும் ஒரு கட்டத்தைத் தேய்த்தார். பிறகு அடுத்ததை. பிறகு அதற்கும் அடுத்ததை.