சாட்சிக்கு ஒரு முகம்

“பதினெட்டுப் போத்தலும் இண்டைக்குப் போகவேணும், துஷாந்தி. இல்லாட்டி பாசித் தொட்டியைக் கழுவி மழைத்தண்ணி பிடிக்க விட்டிடுவன்,” என்றாள் மாதர் சங்கத் தலைவி ஞானசவுந்தரி.

தொட்டி போனால் துஷாந்தியின் வேலையும் போய்விடும். புளியங்கூடலில் வெயிலென்றும் பாராமல் நின்று அவள் கலக்கி வளர்த்த நுண்பாசி அது. அதில் செய்த முகக் கிறீம் போத்தல்களைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு குறிகட்டுவான் துறைக்கு வந்தாள். ஆளைக் கண்டாலே வாய் ஒட்டிக்கொள்கிற தன்னை வியாபாரத்துக்கு அனுப்பிய சங்கத்தை நினைக்க அவளுக்கே பாவமாக இருந்தது.

நயினாதீவுப் படகுக்குச் சனம் வரிசையில் நின்றது. இரவிரவாகப் பாடமாக்கியதை ஒப்புவித்தாள்.

“நுண்பாசியில அன்டி... அன்டிஒக்சிடன்ட் இருக்கு. தோல் கெதியில முதிராமல் காக்கும்.”

“குளத்துப் பாசியையோ முகத்தில அப்பச் சொல்லுறீர்?” என்று ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி போத்தலை மணந்துவிட்டு, “பிள்ளையள் பள்ளிக்கூடமோ?” என்று சுகம் விசாரித்துக்கொண்டு நகர்ந்தாள்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு விஞ்ஞானம் ஒரு கேடா என்று துஷாந்தி தன்னையே நக்கலடித்துக்கொண்டாள்.

கனடாவிலிருந்து வந்த ஒரு பெண் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினாள். “உதை நீர் பூசுறனீரோ?”

“ஓம் அக்கா, ஒவ்வொரு நாளும்.”

“தொண்ணூற்றொண்டில தீவை விட்டு வெளிக்கிடேக்க நான் பத்தாம் வகுப்பு. நீர்?”

ஊரில் வயதைக் கேட்கிற விதம் அதுதான். துஷாந்தியின் கண்ணுக்குள் பச்சைத் தொட்டி வந்து நின்றது.

“நானும் பத்துத்தான் அக்கா.”

ஒன்பதோடு நின்றவள் ஒரு வகுப்பைக் கூட்டிச் சொன்னதில் காது சுட்டது.

“அப்ப உமக்கும் நாப்பத்தொன்பதோ! பிறகேன் என்னை அக்கா எண்டுறீர்? உமக்கு முப்பத்தஞ்சுக்கு மேல ஆரும் சொல்ல மாட்டினம்!” அவள் வரிசையைப் பார்த்துக் கூப்பிட்டாள். “இஞ்ச வாங்கோ! இவவின்ர முகத்தை ஒருக்காப் பாருங்கோ!”

எல்லோரும் பார்த்தார்கள். கன்னத்தை ஒருத்தி தொட்டும் பார்த்தாள். துஷாந்திக்குக் கடலில் குதிக்கலாம் போல இருந்தது. ஆனாலும் படகு வருவதற்குள் பதினேழு போத்தல் போய்விட்டன.

பின்னேரம் ஞானசவுந்தரி பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். “கெட்டிக்காரி! தொட்டி உனக்குத்தான். மிச்சம் ஒரு போத்தல் எங்க?”

“எனக்கு எடுத்திட்டன் அக்கா.”

“உனக்கோ? ஒருநாளும் தொட்டும் பூசாதனி, இப்ப என்ன புதுசா?”

“என்னைப் பார்த்தால் முப்பத்தஞ்சுக்கு மேல சொல்ல ஏலாதாம்,” துஷாந்தி போத்தலைத் திறந்து, ஒரு விரல் நிறையக் கிறீமை அள்ளினாள். “எனக்கு வாற தையிலதான் அக்கா இருபத்தேழு.”