பேசி முடிக்கும் வரை

அடுத்தது அவள்.

மேசையில் மைக். அதில் சின்ன விளக்கு. சிவப்பு எரிந்தால் பேசலாம். இரண்டு நிமிடம் ஆனதும் கூட்டத்தை நடத்தும் தலைவரம்மா அணைத்துவிடுவார்.

நெஞ்சு தவில் அடித்தது. பயம் இல்லை, சந்தோஷம்தான். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பிள்ளை ஜெனிவாவில், ஐ.நா. மண்டபத்தில் பேசப்போகிறது. அதுவும் தமிழில். பின்னால் கண்ணாடி அறைக்குள் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். அவர் உடனுக்குடன் இங்கிலீஷில் சொல்லிவிடுவார்.

படிக்கிற வயதில் பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணம் வேண்டாம். அதுதான் பேச்சு.

மடியில் போன் அதிர்ந்தது.

அப்பா ஒரு படம் அனுப்பியிருந்தார். வீட்டுக் கூடம். டிவியில் நேரலையாக இதே மண்டபம். முன்னால் பாயில் வெள்ளை வேட்டிகள், பட்டுச் சேலைகள். நடுவில் பூத்தட்டு.

சுவரோரம் தங்கை தர்ஷிகா. பத்தாம் வகுப்பு. அம்மாவின் கல்யாணச் சேலையில் இருந்தாள்.

கீழே எழுதியிருந்தார்: 'மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சு. நீ பேசி முடிச்சதும் தர்ஷிக்குப் பூ வைக்கிறோம். ஜம்முனு பேசு தாயி.'

இவளிடம் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பூ வைத்துவிட்டால் அவ்வளவுதான். ஊரில் அது பாதிக் கல்யாணம்.

கோபம் பொங்கியது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. அப்பா கெட்டவர் இல்லை. இவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வெயிலில் வரிசையில் நின்றவர். மூத்தவளின் பெருமையைக் காட்டத்தான் சம்பந்திகளை டிவி முன்னால் உட்கார வைத்திருக்கிறார். என்ன பேசப்போகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை.

யாருக்குக் கேட்க வேண்டுமோ அத்தனை பேரும் அங்கே இருக்கிறார்கள். நடுவில் எழுந்து போகவும் மாட்டார்கள். மரியாதை இருக்கிறதே.



விளக்கு சிவந்தது.

எழுதி வைத்திருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பா, வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். தர்ஷிக்குப் பதினஞ்சு வயசுதான் ஆகுது. நான் பேசி முடிச்சதும் பூ வைக்கிறதாச் சொன்னீங்க. நான் முடிக்க மாட்டேன்ப்பா. தட்ட எடுத்து உள்ள வைங்க, அப்புறம் முடிக்கிறேன்."

கண்ணாடி அறையில் அக்காவின் குரல் ஒரு கணம் தடுக்கியது. பிறகு வேகம் எடுத்தது.

ஹெட்போன் மாட்டிய தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

அவள் தர்ஷியைப் பற்றிப் பேசினாள். கணக்கில் புலி என்றாள். சைக்கிளில் கையை விட்டுவிட்டு ஓட்டுவாள், இவள் பேனாவையெல்லாம் திருடுவாள், நர்ஸ் ஆக வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பூனைக்குக் கட்டுப் போடுவாள் என்றாள். விட்டால் பிறந்த கதையிலிருந்து சொல்வாள் போலிருந்தது.

இரண்டு நிமிடம் முடிந்தது.

தலைவரம்மாவின் விரல் பொத்தானுக்குப் போனது. அக்காவின் குரலைக் கேட்டபடி சற்று அங்கேயே வைத்திருந்தார்.

பிறகு விரலை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவளுக்குத் தொண்டை வறண்டது. பேச்சில் பூனைக்கு அடுத்து ஆட்டுக்குட்டி வந்தது.

போன் அதிர்ந்தது.

அதே கூடம். அதே வேட்டிகள். பாயில் தட்டைக் காணோம். தர்ஷி டிவிக்கு மிக அருகே நின்றிருந்தாள்.

கீழே அப்பா எழுதியிருந்தார்:

'தண்ணி குடி தாயி.'