பெருங்காயம் வைத்த மாமரம்

"இது கொலைதான் சார். வேற பேரு கிடையாது" என்றாள் குருவம்மாள். மரத்துளைக்குள் விட்ட விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பெருங்காய வாடை குப்பென்று ஏறியது.

மாமரத்தின் அடியில் யாரோ துளை போட்டு, பெருங்காயத்தைத் திணித்து, மேலே களிமண்ணை அப்பியிருந்தார்கள். நல்லவேளை, துளை பட்டையைத் தாண்டியதோடு நின்றிருந்தது. "மரத்தைச் சாகடிக்கக்கூட ஒழுங்கா தெரியலை, பயபுள்ளைக்கு."

பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார் சௌந்தரபாண்டியன். தபால் ஆபீசில் ரிட்டயர் ஆனவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் பம்பாயில். மடவார் வளாகத் தெருவில் அந்த வீட்டுக் கதவு பால்காரருக்கும் குருவம்மாளுக்கும் மட்டும்தான் திறக்கும்.

"பொழைச்சுக்கிருமா தாயி?"

"பொழைக்க வைக்கேன்" என்று பெருங்காயத்தைச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தாள்.

குருவம்மாள் பி.எஸ்ஸி. தாவரவியல். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ராஜபாளையம் மில்லில் ஷிப்டு பார்க்கும் அப்பாவுக்கு அதில் பெருமைதான். ஆனால் படித்த மகளிடம் என்ன பேசுவதென்றுதான் தெரியவில்லை. கூடப் படித்தவர்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்ற பெண்களின் பேச்சு நின்றுவிடும்.

யாரிடமாவது பேசாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்றுதான் தெருமுனைப் படிப்பகத்தில் சும்மா கிடந்த கரும்பலகையைத் தனதாக்கிக்கொண்டாள். 'புறவாசல் மரம்' என்று தலைப்புப் போட்டு எழுதுவாள். பூசி மெழுகுவது அவளிடம் கிடையாது. 'துணி காயப்போடக் கொடிக்கம்பி கட்ட மரத்தில் ஆணி அடிப்பவரே, உங்கள் முதுகில் அடித்தால் சும்மா இருப்பீர்களா?' என்று கேட்டாள். தெருவே படித்தது, டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எதிரே வந்தால் மட்டும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தேடி வந்து பேசியவர் சௌந்தரபாண்டியன் ஒருவர்தான். துணி அலசிய சோடாத் தண்ணீரை அடிமரத்தில் ஊற்றாதீர்கள் என்று அவள் எழுதிய அன்று, "எங்க வீட்டு மரத்தடியும் வெள்ளை பூத்துக் கெடக்கு. செத்த வந்து பாரு தாயி" என்று கூப்பிட்டார். மண்ணை வெட்டி மாற்றி, ஆட்டெரு வைத்துக் காப்பாற்றினாள்.

அதோடு விட்டதா? ஆணியைப் பற்றி எழுதினாள். அவர் வீட்டு மரத்தில் ஆணி ஏறியிருந்தது. பட்டை உரிப்பதைப் பற்றி எழுதினாள், பட்டை உரிந்திருந்தது. போன வாரம்தான் பெருங்காயம் வைக்கும் அயோக்கியத்தனத்தைப் பற்றி எழுதியிருந்தாள்.

ஒவ்வொரு தடவையும் அவர் கூப்பிட, அவள் வந்தாள். வேலை சீக்கிரம் முடிந்துவிடும். டீ குடித்து, அவர் கேட்கக் கேட்க அவள் சொல்லி, பொழுது சாயத்தான் எழுந்திருப்பாள். வேறெங்கும் அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

"என் பலகையப் படிச்சுப் படிச்சே செய்தான் சார் அவன்" என்றாள், துளையில் பூச மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டே.

பக்கத்துக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே காளிராஜின் தலை தெரிந்தது. "என்ன மரத்து டாக்டரு, நாடி பிடிச்சாச்சா?"

"உங்க நாடியத்தான் பிடிக்கணும். பெருங்காயம் எந்தக் கடையில வாங்குனீக?"

"பெருங்காயமா? ரசத்துக்கே இல்லைன்னு எங்க வீட்டுக்காரி கத்துதா. எலை விழுந்து தண்ணித்தொட்டி அடைக்குது, வெட்டுங்கன்னு நேருக்கு நேராக் கேட்டவன் நான். ஒளிஞ்சு செய்ய எனக்கென்ன பயம்?" தலை மறைந்தது.

"வாயப் பாத்தீகளா?" குருவம்மாள் கையைக் கழுவிவிட்டு, பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "போலீஸுக்குப் புகார் எழுதிட்டேன். கையெழுத்துப் போடுங்க."

"வேண்டாம் தாயி. அவரு பிள்ளைகுட்டிக்காரரு."

"இது மட்டும் உசுரு இல்லையா? நீங்க போடலைன்னா நாளைக்குப் பலகையில அவரு பேரையே எழுதிருவேன். ஊரு காறித் துப்பட்டும்."

அவர் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். படிக்கவில்லை.

"ஸ்டேசன்ல கூப்பிட்டு ஒரு அதட்டு அதட்டுனாப் போதும். பொறவு மரத்தத் தொட ஆளே இருக்காது. நானும் அடிக்கடி வந்து உங்களத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லை" என்று பேனாவைக் கொடுத்தாள்.

அவர் பேனாவை வாங்கினார். மூடியைத் திருகி மூடி, அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"காளிராஜை விட்டுரு தாயி. வச்சது நான்தான்."

குருவம்மாளுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "அந்த ஆணி?"

ஆமென்று தலையை ஆட்டினார்.

"பட்டைய உரிச்சது? சோடாத் தண்ணி?"

"தண்ணி மட்டும் தெரியாம ஊத்துனது. அதுக்குத்தான் நீ மொத மொதல்ல வந்த."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "கிறுக்கா சார் பிடிச்சிருக்கு உங்களுக்கு? நட்டு வளத்த மரத்த நீங்களே கொல்லப் பாத்தீகளே, எதுக்கு?"

அவர் அவளைப் பார்க்காமல், மருந்து பூசிய அடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரம் நல்லாருந்தா நீ எதுக்குத் தாயி வரப்போற?"