சாவியைத் திருப்பினால் போதும்

“இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கார்புரேட்டர் கட்சியிலிருந்து இன்று முதல் நான் விலகுகிறேன்!”

அந்தச் சமயத்தில் பட்டறையில் இருந்த சகலர், மெக்கானிக்கும் அறிவித்தவரின் மனைவியும்தான். கணக்கில் சேர்ப்பதென்றால், பிரித்த நிலையில் ஸ்டாண்டில் தொங்கிய என்ஜினையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். வந்தவர் சாதாரண ஆள் இல்லை. பழைய கார் வைத்திருப்போர் சங்கத்தின் ஆயுட்காலத் தலைவர். உறுப்பினர்கள் பதினோரு பேர், அவர்களில் கார் ஓடுகிறவர்கள் நாலு பேர். தம்முடைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கும் இரட்டைக் கார்புரேட்டர்தான் அதன் ஆத்மா என்று சங்க மலரில் ஆறு கட்டுரை எழுதியவர். கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து ஊற்றுகிற இன்ஜெக்‌ஷனை, “நல்லா இருக்கிறவனுக்கு டியூப்ல சாப்பாடு” என்று மேடையில் கிழித்தவர்.

பத்து வருடமாக மெக்கானிக் எதிர்க்கட்சி. ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

“என்ன சார் திடீர்னு?”

“காலம் மாறுதுய்யா. நாமளும் மாறணும். இன்ஜெக்‌ஷனையே மாட்டிடு.”

“இதைத்தானே சார் நான் பத்து வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன்?”

“நீ சொன்னா நான் கேக்கணுமா? நானே சொன்னாத்தான் கேப்பேன். சாவியைத் திருப்பினேனா, வண்டி கிளம்புச்சான்னு இருக்கணும். ஒரு வருஷமாச்சு நான் இந்த வண்டியில தெருமுனையைத் தாண்டி. இனிமே அதுகிட்டக் கெஞ்ச என்னால முடியாது.”

“கார்புரேட்டரே இருக்கட்டுமே” என்றார் மனைவி.

மெக்கானிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. புடவையெல்லாம் பெட்ரோல் வாடை என்று இருபத்தெட்டு வருடமாக அந்தக் கார்புரேட்டரைக் கரித்துக்கொட்டியவர் இந்த அம்மாதான்.

“என்னம்மா, சார் அங்கேருந்து இங்க தாவினா, நீங்க இங்கேருந்து அங்க தாவுறீங்க?”

“அந்த வாடை பழகிடுச்சு தம்பி.”

“பாத்தியாய்யா? நான் வடக்குன்னா இவ தெற்கு. கல்யாணம் ஆன நாளிலேருந்து இதே பாட்டு!” என்று தலைவர் உரக்கச் சிரித்துவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போனார்.

மனைவி சட்டென்று கிட்டே வந்தார். “தம்பி, அவருக்குத் தெரியாம கார்புரேட்டரையே மாட்டிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

மெக்கானிக் நிமிர்ந்து நின்றார். “மன்னிக்கணும்மா. வாடிக்கையாளர் வாக்குதான் எனக்கு வேதவாக்கு. அதுல மட்டும் நான் கறார்.” எந்த வாடிக்கையாளருக்கும் சொன்ன தேதியில் வண்டி கொடுத்தறியாத மனிதர், இதைக் கண் இமைக்காமல் சொன்னார்.

“அதுக்கில்லை தம்பி, அவருக்கு...”

தலைவர் கையை உதறிக்கொண்டே வந்துவிட்டார்.

வண்டி டெலிவரியான எட்டாம் நாள், அம்மா தனியாகப் பட்டறைக்கு வந்தார். அந்த எட்டு நாளில், தலைவரைக் கட்சி மாற வைத்த கதையை மெக்கானிக் ஊருக்கே சொல்லி முடித்திருந்தார்.

“வாங்கம்மா! எப்படி ஓடுது? ஒரே திருப்புதானே?”

“ஒரே திருப்புதான்.”

“நான் சொல்லலை? நீங்கதான் வீணாப் பயந்தீங்க!”

“தம்பி, வண்டி ஒரு வருஷமாக் கிளம்பலைன்னு சொன்னாரே, பிரிச்சுப் பாத்தப்ப என்ன கோளாறு இருந்துச்சு?”

மெக்கானிக் பின்தலையைச் சொறிந்தார். கொஞ்சம் கரி. வால்வில் கொஞ்சம் தேய்மானம். “கிளம்பாத அளவுக்கு... ஒண்ணுமில்லைம்மா.” சொல்லும்போதுதான் அது அவருக்கே உறைத்தது.

“கோளாறு வண்டியில இல்லை” என்று அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். “சோக்கை முதல்ல இழுக்கணுமா, ஆக்சிலரேட்டரை முதல்ல மிதிக்கணுமா, எத்தனை தடவை மிதிக்கணும், எல்லாம் அவருக்கு மறந்துபோச்சு. தினம் காலையில உக்காந்து மிதிமிதின்னு மிதிப்பார். பெட்ரோல் ரொம்பி, வண்டி மக்கர் பண்ணும். ‘இன்னிக்கு இதுக்கு மூட் சரியில்லை’ன்னு அதைத் திட்டிட்டு, கௌரவமா வீட்டுக்குள்ள வந்துடுவார்.”

“சாவியை ஒளிச்சு வச்சிருக்கலாமேம்மா?”

“ஒளிச்சா, ‘என்னை நம்பலையா’ன்னு அழுவார். அந்தப் பாழாய்ப்போன கார்புரேட்டர்தான் அவர் மனசு நோகாம அவரை வாசல்லயே நிறுத்தி வச்சிருந்துச்சு.”

மெக்கானிக் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். ஏம்மா என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்து வருடத்து வாதத்தில் ஜெயித்த மிதப்பில், அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

“சார்... சார் எங்கேம்மா?”

“வீட்ல தூங்குறார். முந்தாநாள் காலையில கிளம்பிப் போனவரை நேத்துதான் என் தம்பி போய்க் கூட்டிட்டு வந்தான். வண்டியை எடுத்துட்டு வர நீங்கதான் வரணும், அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“வண்டி எங்க நிக்குது?”

“முன்னூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு போலீஸ் ஸ்டேஷன்ல. ‘யாரோ நல்ல வண்டியை விட்டுட்டுப் போயிட்டாங்க, உரியவங்ககிட்டச் சேத்துடுங்க’ன்னு அவரே கொண்டுபோய் ஒப்படைச்சிருக்கார்.”